பூதம் மன்னிப்புக் கேட்காது

என் கதையில் வரும் பூதம் யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. 'பிளாக்ஹவுஸ் பே' என்கிற இந்த வெளிநாட்டுப் புறநகரில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் வாடகை ஹாலில், எல்லார் முகத்துக்கும் நேராகவே இதைச் சொல்லிவிட்டேன்.

வாரம் முழுக்க பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். சனிக்கிழமை வகுப்பு முடியும் நேரத்தில் கதை சொல்வது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, அதனால் யாருக்கும் பயப்படுவதும் கிடையாது. ஒரே சட்டம்தான்: பிள்ளைகள் 'ம்' கொட்டினால்தான் கதை நகரும். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வாண்டுகளுக்கு 'ம்' மட்டும் தாராளமாக வரும்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பெண் மட்டும் கொட்டவே மாட்டாள். யாழ்ப்பாணக் குடும்பம். சேர்ந்த நாளிலிருந்து அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை நானே கட்டிய கதை ஒன்றைச் சொன்னேன். தண்ணீர் இறைக்கப் போன அம்மாவைக் கிணற்றுப் பூதம் விழுங்கிவிடுகிறது. மகள் அதன் சடையைக் கயிற்றோடு முடிந்து வெயிலுக்கு இழுத்துப் போடுகிறாள். பூதம் கருவாடாகக் காய்கிறது.

"ஆனா அம்மா திரும்பி வரவே இல்ல" என்றேன்.

"ம்" என்று ஜன்னலோரத்திலிருந்து கேட்டது. அவள்தான்.

அடுத்த வாரம் வகுப்புக்கு முன்னால் அவளுடைய அப்பா வந்து நின்றார்.

"அக்கா, தாய் சாகிற கதையெல்லாம் இனிச் சொல்லாதேங்கோ. இவவின்ர அம்மா ஊருக்குப் போன இடத்தில வருத்தம் வந்து படுத்தவ, காலமாயிட்டா. பிள்ளைக்கு நாங்கள் இன்னும் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியில இருக்கிறா எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறம்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. "உங்க பொண்ணு அழல தம்பி, 'ம்' கொட்டினா. அவளுக்குத் தெரியும்" என்றேன்.

வகுப்பை நடத்தும் மலேசிய அம்மா நடுவில் புகுந்தார். "பிள்ளைங்க பயப்படுதுங்க லா. பூதம் சாரி சொல்லட்டும், அம்மா வெளிய வரட்டும். என்ன கெட்டுப் போச்சு?"

"என் பூதம் சாரி சொல்லாது. வேணும்னா நீங்களே சொல்லிக்குங்க."

சொல்லியும் விட்டார். அன்று வகுப்பு முடியும் நேரத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்து, போன வாரம் ஆன்ட்டி முடிவைத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஆரம்பித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். அந்தச் சிறுமியின் அப்பாவும் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

பூதம் அழுதது, சாரி சொன்னது, வாயைத் திறந்தது. பிள்ளைகளின் 'ம்' ஒவ்வொன்றாகத் தேய்ந்தது. "அம்மா சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாங்க" என்றார் அவர். ஒருவரும் கொட்டவில்லை. கதை அங்கேயே நின்றுவிட்டது.

ஜன்னலோரத்திலிருந்து அவள் எழுந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். அம்மா வெளியே வரவில்லை, செத்துப்போய்விட்டாள், அது அப்பாவுக்கும் தெரியும் என்றாள். அழவில்லை. என்னைப் பார்த்து, "யூ டெல்" என்றாள்.

மலேசிய அம்மா எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். அந்த அப்பாவைப் பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"அம்மா திரும்பி வரவே இல்ல."

அவள் வாய் திறக்கவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் காத்திருந்தேன், சட்டம் சட்டம்தான்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ம்" என்றார்.