ஆஷா வீட்டில் கேரல் சாப்பாடு

பெங்களூர் அடுகோடி சபையில், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கு இந்த வருடம் தமயந்திதான் பொறுப்பு. டிசம்பர் பிறந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எந்தத் தெருவில் முதலில் பாடுவது, டெம்போவை எங்கே திருப்புவது, பாடுகிறவர்களுக்கு எந்த வீட்டில் சாப்பாடு, எல்லாம் அவர் சொன்னபடிதான். கோலார் தங்கவயலில் பிறந்தவர்; சுரங்கம் மூடியதும் குடும்பத்தோடு பெங்களூர் வந்து, கார்மெண்ட்ஸில் தையல் மெஷினில் தொடங்கி சூப்பர்வைசர் ஆனவர். மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல்.

சாப்பாட்டு வீடு என்பது அங்கே பெரிய மரியாதை. அக்டோபரிலேயே ஆட்கள் சொல்லி வைப்பார்கள். தமயந்தி அதைக் கேட்காத ஒருத்திக்குக் கொடுத்தார்: ஆஷாவுக்கு.

ஆஷாவின் கணவர் எய்ட்ஸில் இறந்தவர். ஆஷாவுக்கும் மகள் லீனாவுக்கும் எச்ஐவி உண்டு. தினமும் மாத்திரை சாப்பிட்டு இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள். லீனா ஆறாம் வகுப்பு. விஷயத்தை ஆஷா பால்ராஜ் என்ற பெரியவரிடம் மட்டும் சொல்லி, ஜெபிக்கக் கேட்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல; ஜெபிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடி உருகி, ஆஷாவின் பெயரையும் நோயின் பெயரையும் சேர்த்தே சொல்லிவிட்டார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அறை முழுக்கத் தெரிந்திருந்தது.

அந்த டிசம்பரில் கேரல் டெம்போ ஆஷாவின் சந்தில் திரும்பவில்லை. சந்து குறுகல் என்றார்கள். அடுத்த வருடமும் சந்து குறுகலாகவே இருந்தது. தமயந்தி மட்டும் ஆலயத்தில் தாயும் மகளும் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மாதாமாதம் மாத்திரை வாங்க ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். ஒருமுறை பின்சீட்டிலிருந்து லீனா கேட்டாள்: "ஆன்ட்டி, நடந்து வந்தா கூடவா எங்க சந்துல நுழைய முடியாது?"

சாப்பாட்டு வீடு என்றதும் ஆஷா பயந்தார். "வந்துட்டு சாப்புடாம போயிட்டா, அக்கா? நான் தாங்கிப்பேன். இவ தாங்க மாட்டா."

"சாப்புட வைக்கிறது என் வேலை. நீ குருமாவுல உப்ப சரியா போடு."

கேரல் நாள் மாலை டெம்போ கிளம்பும்போதுதான் தமயந்தி வீட்டின் பெயரைச் சொன்னார்.

"எனக்கு வயிறு சரியில்லம்மா" என்றார் சுகந்தி டீச்சர்.

"மத்தியானம் பாயா எறங்கின வயிறுதானே, டீச்சர்?" என்றான் டிரம் வாசிக்கும் ஓஸ்வால்ட்.

"பாட வர்றவங்க சாப்புடவும் வரணும். முடியாதுன்னா இங்கயே எறங்கிக்கலாம்" என்றார் தமயந்தி. யாரும் இறங்கவில்லை.

கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் இருந்தவர் பால்ராஜ்தான். சந்து முனையில் தமயந்தியின் காதருகே வந்தார். "நான் வெளியவே நிக்கறேம்மா. ஆஷா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அதான் முகமூடி இருக்கே, அண்ணே."

"சாப்புடறப்போ கழட்டணுமே."

"கழட்டுங்க."

டிரம் அதிர, எல்லோரும் நடந்தே சந்துக்குள் போனார்கள். வாசலில் நட்சத்திர விளக்கு. பாட்டில் அந்த ஒற்றை அறை குலுங்கியது. லீனா கதவோரம் குதித்துக்கொண்டே கைதட்டினாள். பாட்டு முடிந்தது. கீ ரைஸும் கோழிக் குருமாவும் ஆவி பறக்க வந்தன. தட்டை எடுக்க ஒரு கையும் நீளவில்லை. லீனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஜெபம் பண்ணிட்டு உக்காரலாம்" என்றார் தமயந்தி. "அண்ணே, நீங்க பண்ணுங்க."

பால்ராஜ் முகமூடியைத் தாடியோடு கழற்றினார். லீனாவின் சிரிப்பு அணைந்தது. "அம்மா, இவரு வேணாம்."

"யார் பேரும் சொல்ல மாட்டேன், பாப்பா" என்றார் அவர். கண்ணை மூடவில்லை. "ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. ஆமென்."

"அவ்ளோதானா?" என்றான் ஓஸ்வால்ட். "அண்ணே, ஒடம்பு நல்லாதானே கீது?"

முதலில் சிரித்தது ஆஷா. பால்ராஜ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லீனாவைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்து, தானே குருமா ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வழித்துச் சாப்பிட்டார். மறுபடி நீட்டினார்.

"எல்லாத்தயும் அவரே முடிச்சிடுவாரு போல" என்று முனகிக்கொண்டே சுகந்தி டீச்சர் ஒரு தட்டை எடுத்தார். அப்புறம் உட்கார இடம் போதவில்லை. பாதிப் பேர் சந்தில் நின்று சாப்பிட்டார்கள்.

டெம்போக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். அடுத்த வீட்டிலிருந்து போனுக்கு மேல் போன். "ஏறுங்க, ஏறுங்க" என்று விரட்டிய தமயந்தி, ஓஸ்வால்டின் பக்கத்தில் ஒருத்தி ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். மடியில் தாத்தாவின் முகமூடி.

"மாத்திரை?" என்றார்.

"போட்டாச்சு ஆன்ட்டி. வண்டி எடுக்கச் சொல்லுங்க."