மொட்டை மாடியில் ஏறிய முள்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம். இடம் தி.நகரில் புதிதாக எழும்பியிருந்த ஒரு வணிகக் கட்டடம். மயிலாப்பூரில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புதுக் கட்டடங்களில் தண்ணீர்க் குழாய்கள் ஒழுகாமல் இருக்கின்றனவா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையெழுத்து விழுந்தால்தான் கடைக்காரர்களுக்குச் சாவி கொடுப்பார்கள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குழாயில் தண்ணீரை நிரப்பி, எல்லா வாயையும் அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். அழுத்தத்தைக் காட்டும் மீட்டரில் முள் இறங்கவில்லை என்றால் குழாய் நல்ல குழாய். இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. காரணமில்லாமல் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் கைப்பையைத் தொட்டுப் பார்க்கிற ரகம். அந்தக் கட்டடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

குழாய் வேலை எடுத்திருந்த கான்ட்ராக்டர் வாசலுக்கே வந்து வரவேற்றார். நான் கேட்காமலே காபி வந்தது, வடை வந்தது. கட்டட முதலாளி, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து காரை அனுப்பி என்னை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். வெறும் பட்டயப் படிப்பு படித்த எனக்கு எதற்கய்யா கார்? போதாக்குறைக்கு, சோதனை முடியும் முன்பே சுவர்களைப் பூசி, வெள்ளையும் அடித்திருந்தார்கள். பூசிய சுவருக்குள் எது ஒழுகினாலும் கண்ணுக்குத் தெரியாது. அது எனக்கு ரொம்பவே உறுத்தியது.

அங்கே சந்தேகப்படத் தோன்றாத ஒரே ஆள், தரைத்தளத்தில் புடவைக்கடை திறக்க இருந்தவர். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் இளமை முழுக்க அடுத்தவர் கல்லாவுக்காகப் புடவை விரித்துப் போட்டவர். இப்போதுதான் சொந்தமாக ஒரு கடை. ஆனி கடைசி முகூர்த்தத்தில் திறப்பு விழா, பத்திரிகை அடித்தாகிவிட்டது. அவர் தலைக்கு மேலே முதல் மாடியில் ஓட்டல் வருகிறது. அதன் சமையலறைக் குழாய்கள் அவர் கடைக் கூரையை ஒட்டித்தான் ஓடின. ஒரு மூட்டு விட்டுப்போனாலும் பட்டுப் புடவை அத்தனையும் பாழ். பாவம், இந்த மனிதருக்காகவாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மொட்டை மாடியில், தொட்டிக்குப் பக்கத்தில் பம்பை மாட்டினார்கள். பொழுது சாய்ந்த பிறகு, என் கண் எதிரேதான் அழுத்தம் ஏற்றினார்கள். பம்பை நாலைந்து தடவை அடித்ததுமே முள் வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இவ்வளவு சீக்கிரமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் மாடிக் கதவைப் பூட்டி, சாவியை என் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காரில் இல்லை, பஸ்ஸில்.

மறுநாள் காலை வீட்டில் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட் வந்திருந்தது, நார்மல். டெஸ்ட்டுக்கு முன்னால் ஒரு வாரமாக அவர் கஞ்சியும் கசப்புக் காபியுமாகத் தவம் கிடந்தது வீட்டுக்கே தெரியும். அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நானும் சிரித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாடிக்குப் போய்ப் பார்த்தால் முள் இறங்கவில்லை. ஏறியிருந்தது.

"இன்னா மேடம், முள்ளு எறங்கிச்சான்னுதானே பாக்கணும்? ஏறிக்கீது பாருங்க. அவ்ளோ ஸ்ட்ராங்கு நம்ம லைனு" என்றார் கான்ட்ராக்டர்.

பூட்டிய மாடியில் யார் வந்து பம்ப் அடித்தது? வாட்ச்மேனிடம் இன்னொரு சாவி இருக்குமோ? கீழே போய் டெலிபோன் பூத்திலிருந்து எங்கள் மேலாளரிடம் சொன்னேன். "முள் இறங்கலைல்ல? போட்டுட்டு வாம்மா கையெழுத்தை" என்றார். அந்த நிமிடத்திலிருந்து அவரும் என் சந்தேகக் கணக்கில் சேர்ந்துவிட்டார்.

கையெழுத்துப் போடாமல் மறுபடி மாடிக்குப் போனேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, தொட்டி நிழலில் அந்த முள்ளையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏற, யாரும் தொடாமலேயே முள்ளும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அப்போதுதான் உறைத்தது. அடைபட்ட தண்ணீர் சூடானால் அழுத்தம் ஏறும். ஆனால் குழாயில் பெரும்பகுதி சுவருக்குள் குளுகுளுவென்று கிடக்கிறதே, இத்தனை வேகமாக எப்படிச் சூடாகும்? இந்த மீட்டர் கட்டடத்துக் குழாயைப் பார்க்கவே இல்லை. வெயிலில் காய்கிற இந்தச் சிறு துண்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முதல் மாடிக்கு ஓடி, ஓட்டல் சமையலறையில் ஒரு குழாயின் அடைப்பைக் கழற்றச் சொன்னேன். அழுத்தம் உள்ள குழாயாக இருந்தால் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்க வேண்டும். குழந்தை மூக்கு ஒழுகுவது போல நாலு சொட்டு வந்து நின்றது.

"மேல போய் அந்த இணைப்பைக் கழட்டுங்க" என்றேன். கான்ட்ராக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, குழாய் சுவருக்குள் இறங்கும் இடத்தில் இருந்த இணைப்பைத் திருகினார். உள்ளே, ரப்பர் வைத்துப் பொருத்திய ஒரு வட்டமான இரும்புத் தகடு. தண்ணீர் ஒரு பொட்டுகூடக் கீழே போக முடியாதபடி வழியை அடைத்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கீழே அந்த மனிதர் ஆயுசு முழுக்க உழைத்துக் கடை வைக்கிறார், அவர் வயிற்றில் அடிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று கத்தினேன். சத்தம் கேட்டு மேலே வந்து, கதவருகே நின்றிருந்த புடவைக்கடைக்காரர்தான் பேசினார்.

"அவரைத் திட்டாதீங்கம்மா. நான்தான் அவர் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்."

எனக்குக் காதில் விழுந்தது மூளைக்கு ஏறவில்லை.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே அவர் ஒருதடவை அடிச்சுப் பார்த்தாரு. முள் இறங்கிருச்சு. சுவரை உடைக்கணும்னாரு. உடைச்சா ஆனி போயிரும். ஆடியில யாரும்மா புதுக்கடை திறப்பாங்க? தெருவே ஆடித் தள்ளுபடில அமளிப்படும், நான் மட்டும் பூட்டின கடைக்கு வெளிய நிக்கணும். டெஸ்ட் மட்டும் பாஸாயிட்டா போதும்னு தோணிருச்சு."

"ஒழுகினா நனையப்போறது உங்க புடவைங்க சார்."

"தெரியும்மா" என்றார். பிறகு, "தெரியும்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

தகட்டை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தம் ஏற்றினோம். இந்தமுறை பம்ப் அடித்தவருக்குக் கை சலித்துப்போனது. முள் நின்ற இடத்தில் நிற்காமல் நழுவியது. எல்லோரும் கீழே கடைக்குப் போனோம். புது வெள்ளை அடித்த சுவரில், பாலிஷ் வாசனை போகாத பெரிய அலமாரிக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதானது. அவர் ஸ்டூல் போட்டு ஏறி அதைத் தொட்டுப் பார்த்தார். இறங்கி வந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, உடைத்துவிடச் சொன்னார்.

ஆனி போனது, ஆடியும் போனது. ஆவணியில்தான் கடை திறந்தார். பத்திரிகை வைத்து என்னை அழைத்திருந்தார், போனேன். அந்தச் சுவரில் மட்டும் அலமாரி இல்லை, சும்மா விட்டிருந்தார். தினமும் கடை திறந்ததும் முதலில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாமிக்கு விளக்கேற்றுவதாகச் சொன்னார். என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி ஆகிவிட்டார்.

ஆனால் என் மனதில் இன்றும் நிற்பது, தகடு வெளியே வந்த அன்று சாயங்காலம். வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா இரண்டாவது மைசூர்பாகைக் கையில் எடுத்திருந்தார். நான் முறைத்ததும், "டெஸ்ட்டுலதான் நார்மல்னு வந்துடுத்தே" என்றார்.

"அதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஏம்ப்பா கஞ்சி குடிச்சேள்?" என்று கேட்டேன்.

அப்பா என்னையும் மைசூர்பாகையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதைத் தட்டிலேயே வைத்தார். அடுத்த வாரம் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கப் போனோம். நார்மல் இல்லை. மாத்திரை ஆரம்பித்தார்கள்.

அதன்பிறகு எத்தனையோ கட்டடங்களில் முள்ளைப் பார்த்துவிட்டேன். இப்போதும் சோதனைக்குப் போனால், யாருக்கு இதில் லாபம் என்று தேடுவதற்கு முன்னால், ஒழுகினால் யார் அதிகம் நனைவார்களோ அவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.