பொனெட்டைத் திறந்தால்...

போன மாதம் கனடாவின் நடுவே வயல்வெளியாய்க் கிடக்கும் சஸ்காச்சுவான் மாகாணத்துக்குப் போய் வந்தேன். அங்கே யார் போவார்கள் என்று கேட்கிறீர்களா? மொன்றியலில் எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிச் சூசை அண்ணை போனார். அவருக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டப் பயம். ஆகவே நான் டிரைவர்.

அவருடைய மகள் ஷெரின் அங்கே ஒரு குட்டி ஊரில் நேர்ஸ். ஒரு வருடத்துக்கென்று போனவள், இனி அங்கேயேதான் என்றுவிட்டாள். அண்ணைக்கு நித்திரை போய்விட்டது.

"ஒரு ஆபத்து அந்தரத்துக்கு அங்க ஆர் தம்பி இருக்கினம்? கையோட கூட்டிக்கொண்டு வாறன்."

பிளேனால் இறங்கி, வாடகைக் காரில் புறப்பட்டோம். போக ஒரு லேன், வர ஒரு லேன். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த கோதுமை வயல். எப்போதாவது பத்து வீடு, ஒரு தேவாலயம்... பிறகு மறுபடி வயல். வளைவே இல்லை. ஸ்டியரிங் எதற்கு என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அண்ணைக்குப் பசித்தது. மனைவி கட்டிக் கொடுத்த புட்டும் கோழிக்கறியும் விறைத்துக் கிடந்தன. ஆறின புட்டை மனிதன் சாப்பிடுவானா? காரை ஓரங்கட்டச் சொல்லி, பொனெட்டைத் திறந்து, அலுமினியப் பேப்பர் பார்சலைச் சூடான எஞ்சின் மேல் வைத்தார்.

ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. தொப்பி போட்ட விவசாயி இறங்கினார். வண்டி பழுதா, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அண்ணை ஊரைச் சொன்னார், நேர்ஸின் அப்பா என்றும் சொன்னார். புட்டைச் சொல்லத்தான் வெட்கம். "எஞ்சின் கொஞ்சம் ஹீட்" என்று சமாளித்தார்.

அவர் போக, ஒரு பெண்மணி, செத்த பற்றரிக்குக் கரண்ட் கொடுக்கிற பூஸ்டர் கேபிளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவரை அனுப்பினால் ஒரு தானிய லொறி. அவர்களுக்கும் அதே கதை — இந்த வெட்டவெளியில் இத்தனை பேரும் எங்கிருந்து முளைத்தார்கள்?

"நிம்மதியாச் சாப்பிட விடுறாங்களில்லை!" அண்ணைக்கு எரிச்சல்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது ஷெரின் வாசலில் நின்றாள்.

"அப்பா, கார் பழுதோ? மூண்டு பேர் போன் பண்ணிட்டினம். மெக்கானிக் இப்பதான் உங்களைத் தேடி வெளிக்கிட்டவர்!"

அங்கே இருந்த நாட்களில் அண்ணை மகளைக் கூட்டிக்கொண்டு போகும் பேச்சை எடுக்கவேயில்லை. திரும்பும்போது, எயார்போர்ட்டில் வைத்து மனைவிக்குப் போன் போட்டார்.

"அவள் இஞ்ச இருக்கட்டும். ஆபத்து அந்தரத்துக்கு ஆக்கள் இருக்கினம்."

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு வருவது லேசா?

மொன்றியலில் என் மேல்மாடியில் குடியிருப்பது யார் என்று எனக்கு இன்னும் தெரியாது.