சாமை காயும்போது இடித்த பெட்டி

எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது. முன்பக்கம் பெரிய வட்ட ஓட்டை. உள்ளே வைக்கோல். ஒரு வெடைக்கோழி அதில் முட்டை வைக்கிறது. வருகிறவர்கள் இது என்னவென்று கேட்டால், என் மகன் வாங்கிய ஸ்பீக்கர் என்று சொல்வேன். வாங்கிய நாளிலிருந்து அது செய்கிற ஒரே நல்ல காரியம் இதுதான்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். மகனைத் திட்டுகிற இடத்தில் மட்டும் அவள் கை வேகமாக ஓடுகிறது.

மகன் வெள்ளிமலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். பட்டா, சாதிச் சான்று, எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுப்பான். கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்ததும் பழையது வீட்டுக்கு வந்தது. அவனுக்கு மூத்தவள், என் மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பேசுவாள்.

என் வீட்டுக்காரிக்குக் காது மந்தம். முழுச் செவிடு இல்லை. நான் கூப்பிட்டால் கேட்கும். ஒரு முகாமில் காது மிஷின் கொடுத்தார்கள். காற்று, கோழி, பாத்திரம், பேச்சு எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்டதாம். "மாட்டிக்கினா தலைக்குள்ள சந்தை நடக்குதுய்யா" என்று சொல்லி மறுநாளே கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டரில் மகள் பேசுவது தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். "சாப்ட்டியாம்மா?" என்று அவள் கேட்பாள். இவள், "சாமையா? இன்னும் அறுக்கலடி, அடுத்த வாரம்தான்" என்பாள். மகளின் முகம் மாறும். திரும்ப ஒருமுறை நிறுத்திக் கேட்கலாம் இல்லையா? கேட்கமாட்டாள். தம்பியைப் பார்த்து, "அம்மாவுக்கு புத்தி தடுமாறுதாடா?" என்பாள். ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது! எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது அங்கேதான். செத்துப்போனவளைப் பற்றிக்கூட அப்படிப் பேசமாட்டார்கள்.

"சவுண்டு பத்தல. அவ்ளோதான்" என்று சொல்லி மகன் கள்ளக்குறிச்சிக்குப் போய் அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கிவந்தான். கூட இரண்டு குட்டிப் பெட்டிகள். எப்படித் தேர்ந்தெடுத்தான் தெரியுமா? எங்கள் பக்கம் திருவிழாவுக்கு சவுண்டு செட்டு பேசுவதுபோல. பாட்டுப் போட்டால் நெஞ்சு அதிர வேண்டும். பலகையில் வைத்த டம்ளர் தானாக நடக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். இவனும் கடையில் குத்துப்பாட்டுப் போடச் சொல்லி, பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறான். பெருமையாக வேறு சொன்னான்.

"கை வெச்சா அப்பிடியே ஒதறுதுப்பா. ஆயிரம் வாட்ஸ்!"

"உங்கம்மா என்னா, கையாலயா கேக்கறா?" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். மகள் கம்ப்யூட்டரில் வந்தாள், பேசினாள். பெட்டி "தும், தும்" என்றது. ஒரு வார்த்தை கிடையாது, அதிர்வுதான். என் வீட்டுக்காரி சட்டென்று எழுந்தாள். "இடிக்குது, சாமைய வாருங்க!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். தார்ப்பாயை இழுத்து மூடினாள். மலைக்காரிக்கு இடிச் சத்தம் கேட்டால் கால் முன்னால் போகும், கண் பிறகுதான் வானத்தைப் பார்க்கும். அதில் என்ன தப்பு?

ஆனால் திருப்பூரிலிருந்து மகள் பார்த்தது வேறு. காலி நாற்காலி. திறந்த கதவு. சுடுகிற வெயிலில் மழை என்று சாமையை மூடுகிற அம்மா.

அழுதாள். "போச்சிடா, அம்மாவுக்கு எல்லாமே போச்சி. சாமை தூத்தி முடிச்சதும் நானே வந்து இட்டுக்கினு போறேன். அதுவரிக்கும் அடுப்புகிட்ட வுடாதீங்க."

"சரிக்கா" என்றான் இவன்.

சரிக்காவாம். அன்றே தீப்பெட்டியை எடுத்து எங்கோ ஒளித்துவைத்தான். மறுநாள் விடியலில் அவள் அடுப்பங்கரையில் தடவித் தடவித் தேடினாள். "எலி இழுத்துக்கினு போச்சா இன்னா?" என்று என்னைக் கேட்டாள். இந்த மலையைவிட்டு ஒரு வாரம்கூட வெளியே தங்காதவள். அவளைத் திருப்பூரில் ஒரு ரூமுக்குள் வைத்து, வெளியே பூட்டிவிட்டு மகள் கம்பெனிக்குப் போவாளாம். அப்போதுதான் நிஜமாகவே புத்தி போகும்.

"அவளுக்குப் புத்தி போவல. உன் பொட்டிதான் சரியில்ல" என்றேன்.

"ஸ்பீக்கரப் பத்தி நீ சொல்ல வந்துட்டியா? போப்பா, போயி மாட்டப் பாரு."

ஸ்பீக்கர் எனக்குத் தெரியாது. ஆனால் சத்தம் தெரியும். எங்கள் நிலத்துக்கும் என் மாமனார் நிலத்துக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம். இந்தக் கரையில் என் பரண், அந்தக் கரையில் அவர்கள் பரண். பன்றிக்கும் கிளிக்கும் காவல். என் மாமனாருக்கு எருமைத் தொண்டை. அவர் அங்கிருந்து கத்தினால் எங்களுக்கு "உம்ம்" என்று ஒரு உறுமல்தான் வரும். பன்றி வந்ததா, கஞ்சி வந்ததா, ஒன்றும் தெரியாது. கனத்த குரல் பள்ளத்தில் விழுந்துவிடும். அவர் மகள் கூப்பிட்டால் ஒவ்வொரு சொல்லும் வந்து சேரும். குரலை மெலியவைப்பாள். சொல்லைத் துண்டு துண்டாக வெட்டுவாள். ஒரு துண்டை அனுப்பிவிட்டு, பாறை அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததை அனுப்புவாள். அப்படிக் கூப்பிட்டுப் பழகித்தான் நாங்கள் கல்யாணமே செய்துகொண்டோம். மாமனாருக்கு என்மேல் கடைசிவரை ஆத்திரம். அது வேறு கதை. இப்போதும் நான் அவளிடம் கத்துவதில்லை, மெலியவைத்துத்தான் பேசுகிறேன். அவளுக்குக் கேட்கிறது.

கறுப்புப் பெட்டி பேசியபோது எனக்கு என் மாமனார் ஞாபகம்தான் வந்தது.

மரவள்ளிக்கிழங்கு விற்ற காசு கொஞ்சம் இருந்தது. அதை முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. மகன் வாங்கிய கடை இல்லை. அங்கே போனால் சண்டைதான் வந்திருக்கும். ஸ்பீக்கர் என்று சொல்லி வாய் மூடவில்லை, கடைக்காரர் குத்துப்பாட்டை அலறவிட்டார்.

"பாட்ட நிறுத்துங்க. யாராவது பேசறத வைங்க."

"இன்னா பேசறது பெரியவரே?"

"இன்னா வேணா இருக்கட்டும். மனுசன் பேசினா போதும்."

செய்தி போட்டார். நான் கடையைவிட்டு இறங்கி ரோட்டைத் தாண்டினேன். "தாத்தா, வாங்காம போறீங்களே!" என்று கத்தினார். எதிர்ப்பக்கம் பூவண்டி நின்றது. அதன் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். பஸ், ஷேர் ஆட்டோ, ஹாரன், எல்லாம் நடுவில். எங்கள் பள்ளம் மாதிரியேதான் இருந்தது. கையை ஆட்டினால் அடுத்ததைப் போட வேண்டும் என்று அங்கிருந்தே கூவிச் சொன்னேன். பெரிய பெட்டிகள் எல்லாம் மாமனார்கள். கடைசியில், "தும், தும்" என்கிற பேஸ் பெட்டி இல்லாத ஒரு சின்ன ஜோடி. சாண் உயரம் இருக்கும். அதில் செய்தி வாசிக்கிற பெண் சொன்னது இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. எல்லாச் சொல்லும் இல்லை. ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளி கேட்டது.

பூக்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருகிட்டய்யா கைய ஆட்டற? வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றாள். அவள் கண்ணுக்கு எனக்கும் புத்தி போய்விட்டது போல.

"அது வாட்ஸ் கம்மி தாத்தா" என்று கடைக்காரர் இழுத்தார். "வூட்டுக்குள்ள கேக்கறதுக்கு ரோட்டத் தாண்டி நின்னு வாங்கற ஆள இப்பதான் பாக்கறேன்."

"எனக்கு வாட்ஸ் வேணாம், வார்த்தை வேணும்" என்றேன். மகனுடைய பெட்டியைவிட விலை பாதிக்கும் கம்மி. கட்டித் தந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டில் மாட்டினோம். "உஸ்ஸ்ஸ்" என்று தகரக் கூரையில் தூறல் விழுகிற இரைச்சல். மவுஸை நகர்த்தினால் "கிர்ர், கிர்ர்." அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ பேச்சு.

மகன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ரோட்டத் தாண்டி நின்னு வாங்கினியாமே? இப்ப ஓடையத் தாண்டி நின்னு கேளு."

அன்று நான் சோறு தின்னவில்லை. அவன்மேல் கோபம், கடைக்காரர்மேல் கோபம், அந்தச் சாண் பெட்டிமேல் கோபம். அதையும் கோழிக்கே போட்டிருப்பேன். மருமகள்தான் அந்த ஒயரைப் பிடுங்கித் தன் போனில் சொருகினாள். பெட்டி கண்ணாடி மாதிரித் தெளிவாகப் பேசியது.

"மாமா, பொட்டி மேல தப்பு இல்ல. இவரு கம்ப்யூட்டரு மேலதான்."

நாளெல்லாம் கேட்ட சொற்களில் அதுதான் எனக்கு இனித்தது. போனிலேயே மாட்டிக்கொள்ளலாமே என்றால், போனுக்கு எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது. கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் நெட் ஒயர் வந்திருக்கிறது. மகன், "வுட்டுத் தொலைப்பா. அக்கா டிக்கெட்டே போட்டுட்டா" என்றான். சாமை தூற்ற ஆரம்பித்திருந்தோம்.

ஸ்பீக்கர் ஜோடியைப் பையில் போட்டு, கம்ப்யூட்டர் பெட்டியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். மலைப்பாதை வளைவுகளில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன்.

"இன்னா பெருசு, ஆட்டுக்குட்டியா?" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டரு."

"வாந்தி எடுக்கப் போவுது, ஜன்னலாண்ட புடி."

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்காரர் மாட்டிப் பார்த்தார், கேட்டார். "சவுண்டு கார்டு ஒண்ணு போட்டா சரியாப் பூடும்" என்றார்.

அவ்வளவுதான். கடை அதிரக் கத்தினேன். "ஒண்ண வித்துட்டு, அது பேசறதுக்கு இன்னொண்ணு விக்கறியா? ஏர வித்துட்டு, கொழு தனியான்னுவியா? மலையிலேர்ந்து வந்தவன்னா தலையில மொளகா அரைப்பியா?"

அவருக்கும் ரோஷம் வந்தது. "கத்தாதீங்க தாத்தா! உள்ள ஃபேன் ஓடுது, டிஸ்க்கு ஓடுது, எல்லாக் கரண்ட்டும் ஒரே தட்டு மேல போவுது. அந்த எரைச்சல்தான் சவுண்டுல கலக்குது. சவுண்ட வெளிய எடுத்துட்டா வராது. ரோட்டத் தாண்டி ஓடுவீங்களே, இந்த மவுச ஆட்டறப்ப வர்ற கிர்ரு அங்கேர்ந்து கேட்டுச்சா?"

எப்படிக் கேட்கும்? அன்றைக்கு அவர் கடைக் கம்ப்யூட்டரில் அல்லவா மாட்டியிருந்தார். நான் பெட்டியைச் சோதித்தேனே தவிர, அது எந்த வாயிலிருந்து பேசப்போகிறது என்று பார்க்கவில்லை.

"போட்டுக் காட்டு" என்றேன்.

விலையான பெரிய கார்டுகள் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றைத் தலையில் கட்டுவார், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் அதைத் தொடவே இல்லை. "அதெல்லாம் பாட்டு ரெக்கார்டிங் பண்றவங்களுக்கு. பேச்சு கேக்க இது போதும்" என்று டிராயரிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு சாமானை எடுத்தார். பென்டிரைவ் சொருகுகிற ஓட்டையில் சொருகி, ஸ்பீக்கர் ஒயரை அதில் மாட்டினார். இரைச்சல் நின்றது. மவுஸை ஆட்டினார், ஒன்றும் இல்லை. அந்த ஆளைத் திட்ட எனக்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. ரோட்டைத் தாண்டினேன்.

"திரும்பவுமா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. அந்த ஜோடியை அவள் காது உயரத்துக்குப் பலகை போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் வந்தாள். வழக்கம்போல அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள்.

"டேய், பொதங்கெழம வந்துடறேன். அப்பா உங்கூடவே துன்னுக்கட்டும். அம்மாகிட்ட கோயிலுக்குப் போறோம்னு சொல்லி பஸ்ல ஏத்திடலாம். அதுக்கு இன்னா தெரியப் போவுது?"

முறம் நின்றது.

"எந்தக் கோயிலுக்குடி?"

மகள் தம்பியை விட்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"உன்னத்தாண்டி கேக்கறேன். பஸ்ல ஏத்தறேன்றியே, எந்தக் கோயிலு?"

"அம்மா... உனக்குக் கேக்குதா?"

"கேக்குது. நல்லாவே கேக்குது." பிறகு மகனைப் பார்த்தாள். "டேய், தீப்பெட்டிய எங்கடா வெச்ச?"

அவன் ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேல் கிடந்த ட்ரங்குப் பெட்டியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து நீட்டினான். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மகள் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னாள். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுகிறேன் என்பதுவரை எல்லாவற்றையும் என் வீட்டுக்காரி கேட்டாள். முறத்தைத் தட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"இத்தினி நாளா இதுங்க எம்மூஞ்சிக்கு நேராவே இப்பிடித்தான் பேசிக்கினு இருந்துச்சிங்களா?"

"ஆமா."

"நீ இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?"

"ஸ்பீக்கர் வாங்கப் போனேன்."

"போறதுக்கு முன்னால ரெண்டு பேத்துக்கும் ஆளுக்கு ரெண்டு அறை வுட்டுட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்று சொல்லிவிட்டு, அடுப்பு மூட்ட எழுந்து போனாள்.