மாடியில் கட்டிய தண்ணீர்

அவளை எல்லோரும் தண்ணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் மற்றவர்கள் கான்கிரீட்டைக் கொட்டி, மட்டம் தட்டி, கைகாலைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு வேலை. தூணுக்குச் சாக்கைச் சுற்றி ஈரம் காயாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தளத்தின் மேல் சிமெண்டில் வரப்பு கட்டி, வயல் மாதிரி பாத்தி பிரித்து, தண்ணீர் நிறுத்த வேண்டும். இதற்கு கியூரிங் என்று பெயர். ஒரு நாள் ஏமாந்தாலும் கான்கிரீட் வெடித்துவிடும். அவள் ஏமாந்ததில்லை. ஜுரத்தோடு ஊற்றியிருக்கிறாள், வாயும் வயிறுமாக ஊற்றியிருக்கிறாள். அவள் கை பட்ட தளம் வெடித்தது என்று யாரும் நாக்கில் நரம்பில்லாமல் கூடச் சொன்னதில்லை.

தேதி, வருஷம் எல்லாம் அவளுக்குப் பிடிபடாது. மகள் எப்போது பிறந்தாள் என்று கேட்டால், "அந்தப் பள்ளிக்கூடத்துக்கு லிண்டல் மட்டம் வந்தப்ப" என்பாள். கதவு ஜன்னலுக்கு மேலே போடுகிற கான்கிரீட் பட்டைதான் லிண்டல். மகளுக்குக் கல்யாணமானது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது தளம் போட்டபோது. மகள் இப்போது தூரத்தில் வேறொரு கட்டடத்தில் செங்கல் சுமக்கிறாள். அவளுக்கும் இப்படித்தான் காலண்டர் ஓடும், வேறென்ன!

புருஷன் முதலில் கொத்தனார். நெஞ்சு கெட்ட பிறகு அதே காண்ட்ராக்டரிடம் வாட்ச்மேன். ஆகவே இருவரும் எப்போதும் முடியாத வீட்டில்தான் குடியிருந்தார்கள். ஒரு கட்டடத்தில் சுவர் எழும்பும், தளம் போடுவார்கள், கதவு மாட்டுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள். பார்க்கிறவர்கள் ஆஹா என்பார்கள். இவர்கள் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். வாங்கியவர்களிடம் சாவி கொடுக்கும் நாளுக்கு ஹேண்டிங் ஓவர் என்று பேர். அன்றைக்குள் வாட்ச்மேன் குடும்பம் இருந்த அடையாளமே தெரியக்கூடாது, அடுப்புக் கரியைக்கூடத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு புரோக்கர் விளக்குவதை அவள் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணிவிட்டாள். சுவருக்குள்ளே கால் வைத்து நடக்கிற இடம் கார்பெட் ஏரியா. சுவரையும் சேர்த்தால் பில்டப் ஏரியா. படிக்கட்டு, லிஃப்ட், நடை என்று பொதுவில் இருப்பதையும் தலைக்குப் பங்கு போட்டுச் சேர்த்தால் சூப்பர் பில்டப். "நமக்கு எவ்வளவுங்க?" என்று ஒருமுறை புருஷனைக் கேட்டாள். "நமக்கெல்லாம் மொத்தமும் காமன் ஏரியாதான்டி, எந்த மூலையில வேணா படுத்துக்கலாம்" என்றார் அவர். சிரித்துச் சிரித்து இருமினார்.

அந்த இருமல்தான் நிற்கவில்லை. எத்தனை காலத்துச் சிமெண்ட் தூசி, கல் அறுத்த தூசி! ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நிம்மதியா வச்சுக்கங்க" என்றார். எந்த வீட்டுக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் டாக்டர் பாவம், என்ன சொல்வார்?

கீழே பார்க்கிங்கில் தகரம் மறைத்த மூலையில்தான் இருந்தார்கள். அங்கே தரை பதிக்கத் தொடங்கினார்கள். முதல் மாடியில் பெயிண்ட் வாசனை, அவருக்கு மூச்சே வரவில்லை. இரண்டாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே, வேலை முடிந்த அறை ஒன்று காலியாக இருந்தது. சின்ன வயசு இன்ஜினியர், நல்ல மனசுக்காரன், "ஹேண்டிங் ஓவர் வரைக்கும் இருங்கக்கா" என்று விட்டுவிட்டான். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அவரை முதுகில் தூக்கிக்கொண்டு படியேறியவர் ஒழுகல் அண்ணன்.

ஒழுகல் அண்ணன் மொட்டைமாடி ஒழுகாமல் பூச்சுப் போட்டு ஓடு பதிக்கிறவர். ஒழுகலை நிறுத்துகிற மனுஷனுக்கு ஒழுகல் என்று பட்டப்பேர் வைத்ததும் இவள் புருஷன்தான். இருவரும் சின்ன வயசிலிருந்து ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தவர்கள். "என்னடா, சிமெண்ட் மூட்டைகூட உன்னைவிடக் கனமா இருக்கு" என்று முதுகில் இருந்தவரைச் சீண்டிக்கொண்டே ஏறினார். அறையில் இறக்கிவிட்டு, வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேகம் கூடுகிற காலம். காண்ட்ராக்டரின் அடுத்த வேலை ஊருக்கு வெளியே. அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அஸ்திவாரக் குழி மட்டும் தோண்டியிருந்தது. பக்கத்தில் நாலு கம்பு நட்டு ஒரு தார்ப்பாய். அதன் அடியில், சேற்றில், மழையில் இவரை எப்படிப் படுக்க வைப்பது? எப்படியும் போகப்போகிற உயிர்தான், அது அவளுக்குத் தெரியாதா? ஒரு கூரைக்குக் கீழே போகட்டும் என்றுதான் ஆசைப்பட்டாள். எத்தனையோ பேருக்குக் கூரை நிறுத்திய மனுஷன்.

கடைசிச் சோதனை மொட்டைமாடியில். மழைத்தண்ணீர்க் குழாய்களை அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் கட்டினார்கள். கைப்பிடிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு இன்ஜினியர் ஒரு கோடு போட்டான். "வெயிலுக்கு ஒரு விரல் குறைஞ்சா பரவாயில்லக்கா. அதுக்கு மேல இறங்கினா ஒழுகுதுன்னு அர்த்தம். இறங்கலேன்னா உடனே ஹேண்டிங் ஓவர்தான். நீங்க பாத்துக்கங்க. தண்ணி விஷயத்துல உங்களைவிட்டா யாரு?"

பார்த்துக்கொண்டாள். ஆட்கள் வேலை முடிந்து போன ராத்திரியில் வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். மொண்டு மொண்டு பின்பக்கச் சுவருக்கு வெளியே ஊற்றினாள். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ரெண்டு விரல் இடைவெளி விழும்வரை விடிய விடிய ஊற்றினாள். அவள் ஆயுசில் தண்ணீரைக் குறைத்தது அன்றுதான். பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நினைத்தாள். முன்பு ஒரு கட்டடத்தில் இப்படி இறங்கியபோது, மேலாக ஒரு பூச்சு பூசிவிட்டு, காயவிட்டு, மறுபடி தண்ணீர் கட்டினார்கள். அந்த அவகாசம் போதும் அவளுக்கு.

காண்ட்ராக்டர் வந்து கோட்டைப் பார்த்தார். ஒழுகல் அண்ணனை வாய்க்கு வந்தபடி பேசினார். அண்ணன் கீழே அறைக்கு வந்து, ஸ்டூல் மேல் ஏறி, கூரையைக் கையால் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து, "என்னடா தடவுற?" என்றார்.

"ஒழுகுதாம்."

"நீ போட்டதா? போடா, அவங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

அண்ணன் கட்டடத்தைச் சுற்றிவிட்டு வந்து அவளிடம் மெதுவாகச் சொன்னார். "பின்னாடி மண்ணு சேறா கெடக்கு தங்கச்சி."

"பாத்திரம் கழுவி ஊத்தினேன்ணே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பாயில் கிடந்தவரைப் பார்த்தார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காண்ட்ராக்டரிடம் மூச்சு விடவில்லை. அண்ணன் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் தலைக்கு மேலே ணங் என்று ஒரு சத்தம். அவள் அலறியடித்து மேலே ஓடினாள். அண்ணன் உளியும் சுத்தியலுமாகக் குந்தியிருந்தார்.

"மேலாப்புல ஒரு பூச்சு போதாதாண்ணே?"

"மொத்தத்தையும் கொத்தி எடுக்கச் சொல்லிட்டார். இதோட எனக்குக் கணக்கு முடிஞ்சுது, வேற ஆள் வர்றான்."

"அவரு கீழ படுத்திருக்காரேண்ணே!"

"தெரியும்மா. அதான் மெதுவா கொத்துறேன்."

மெதுவாகக் கொத்தினால் காண்ட்ராக்டர் விடுவாரா? மத்தியானத்துக்குள் மெஷின் வந்துவிட்டது. அது உறுமிய உறுமலில் கட்டடமே அதிர்ந்தது. படிக்கட்டு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் வெள்ளைத் தூசி அறைக்குள் இறங்கியது. ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அன்று பொழுது சாய்வதற்குள் தார்ப்பாய்க்குப் போக வேண்டும். வெளியே தூறல் விழத் தொடங்கியிருந்தது. தூசியா மழையா, எதற்கு அவரைக் கொடுப்பது? தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். தூணுக்குச் சுற்றுகிற சாக்குகளை அள்ளி வந்து நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டாள், வாசலை மறைத்தாள், பாயைச் சுற்றிலும் போட்டாள். காயக் காயத் தண்ணீர் தெளித்தாள்.

அவர் மூச்சுக்கு நடுவே சிரித்தார். "என்னடி... எனக்கும் கியூரிங்கா?"

"பேசாம படுங்க."

"எவ்வளவு ஊத்தினாலும் இந்தத் தூண் நிக்காதுடி."

அடுத்த நாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். அவள் அழுதது அந்தச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. படிக்கட்டு வரை போய்க் கத்திய பிறகுதான் மெஷின் நின்றது. ஒழுகல் அண்ணன் இறங்கி வந்தார். புருவம், தலை எல்லாம் வெள்ளை. ஏற்றிய மாதிரியே அவர்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார். இந்தமுறை கிண்டல் பண்ணவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது, "உடம்பைப் பாத்துக்க தங்கச்சி" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு காண்ட்ராக்டரின் எந்த வேலையிலும் அவரைக் காணோம்.

புதிய ஆள் வந்து பூச்சுப் போட்டான், ஓடு பதித்தான். மறுபடி தண்ணீர் கட்டினார்கள். கோடு அசையவில்லை. இன்ஜினியருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களாக்கா? பழைய ஆள் வேலைதான் சரியில்ல."

"அவர் போட்டது ஒழுகல சார்."

"என்னக்கா சொல்றீங்க?"

"நான்தான் வாளியில மொண்டு வெளிய ஊத்தினேன். இவரு இன்னும் கொஞ்ச நாள் இங்க கெடக்கட்டும்னு."

அவன் முகம் செத்துப்போயிற்று. படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வீடு வாங்கியவர்களின் குரல் கீழே கேட்டது.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. இன்னிக்கு ஹேண்டிங் ஓவர். போனது போகட்டும்."

"அந்த அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்க சார்."

"அதெல்லாம் இப்ப முடியாதுக்கா." குரலைத் தாழ்த்தினான். "கீழ அந்த ரூம்ல உங்க ஈரச் சாக்கு தொங்குது. முதல்ல அதை எடுத்துடுங்க. பெயிண்ட் உப்பிடும்."

புருஷன் போன பிறகு அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. இப்போது போனாள். ஜன்னலில் சாக்கு அப்படியே தொங்கியது. தொட்டுப் பார்த்தாள். ஈரம் எப்போதோ போய், தூசியும் சேர்ந்து, பலகை மாதிரி விறைத்திருந்தது. அவள் காயவிட்ட முதல் சாக்கு அது. அதை மடிக்கப் பார்த்தாள், மடியவில்லை. வாங்கியவர்கள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. அவள் சாக்கை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கப் படி வழியாக இறங்கினாள்.