அண்ணனின் கிளாம்ப் மீட்டர்

என் பீரோவின் அடித்தட்டில், பழைய புடவைகளுக்குக் கீழே, ஒரு கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. நண்டுக் கொடுக்கு மாதிரி திறந்து மூடும் வாய், கீழே எண் காட்டும் சின்னத் திரை. தொண்ணூறுகளில் பழைய மதராஸ் ரோடு பக்கம், இந்த மீட்டர்களைச் செய்யும் சிறு கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். அந்தக் கொடுக்குக்குள் இருக்கும் இரும்பின் மேல் தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றுவது எங்கள் மேசை வேலை. ஒயரில் கரண்ட் ஓடினால் சுற்றிலும் காந்தம் உண்டாகும். இரும்பு அதை வாங்கிக்கொள்ளும், கம்பிச்சுருளில் மிகச் சிறிய கரண்ட் பிறக்கும், உள்ளே இருக்கும் போர்டு அதை எண்ணாக்கும். ஒயரைத் தொடவே வேண்டாம்.

ஜோகுபாளையத்தில் வயரிங் வேலை செய்துகொண்டிருந்த அண்ணனுக்கு அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். "என் தங்கச்சி கையால பண்ண மீட்டரு, சும்மாவா?" என்று பார்க்கிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். நான் அவனிடம் விடாமல் சொன்னது ஒன்றுதான். "ஒத்த ஒயர மட்டும் புடிண்ணா. ரெண்டையும் சேத்துப் புடிச்சா ஜீரோதான் காட்டும்." போகிற கரண்டின் காந்தத்தைத் திரும்பி வருகிற கரண்ட் அழித்துவிடும். "சரிங்க மேடம்" என்று சிரிப்பான்.

ஒரு மழைநாளில், கட்டிட வேலையில், மீட்டர் ஜீரோ காட்டியதை நம்பிக் கேபிளை வெட்டினான். பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தான். காரியம் முடிந்ததும் அண்ணி மீட்டரை என் மடியில் போட்டார். வீட்டில் அதைத் திருகு கழற்றிப் பார்த்தேன். சுருள் அறுபடவில்லை, கொடுக்கு இடைவெளியின்றி மூடியது. அயர்ன் பாக்ஸ் ஒயரின் உறையைப் பிரித்து, ஒன்றை மட்டும் கவ்வவிட்டேன். எண் சரியாக வந்தது. இரண்டையும் சேர்த்தேன், ஜீரோ. இரண்டு ஒயரும் உள்ளே இருக்கும் கேபிளை அப்படியே கவ்வவிட்டிருக்கிறான். அழுகைக்கு முன்னால் அவன்மேல் கோபம்தான் வந்தது.

மறுநாள் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெஜத்தச் சொல்லு. அன்னிக்குக் காலைல நான் போட்ட சண்டைலதான் அவரு புத்தி தடுமாறிச்சா? இல்ல மீட்டரே கெட்டதா?" அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

"மீட்டர்தான் அண்ணி கெட்டுப் போச்சு" என்றேன்.

"நீ பண்ண மீட்டரு" என்று சொல்லி என் கையை விட்டுவிட்டார். அதன்பின் என் வாசலை மிதிக்கவில்லை, தன் மகள் கல்யாணத்துக்கும் அழைக்கவில்லை. இன்றுவரை வலிக்கிறது. இன்று காலை மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு, மெயின் போர்டுக்கு வரும் ஒற்றை ஒயரைக் கவ்வவிட்டேன். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. எண் சரியாகவே வந்தது. துடைத்து, மறுபடி புடவைகளுக்குக் கீழே வைத்துவிட்டேன்.