சைலன்சரை மட்டும் மாற்றவில்லை

பந்தயத்துக்கான என் மோட்டோகிராஸ் பைக்கைக் காட்டுப் பாதைக்கு ஏற்றபடி மாற்ற உதவியவர் சிவா அண்ணை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு மரக்கறிக்கடையில் இருவருக்கும் வேலை. எபினேயில் உள்ள அவர் வீட்டுக் கராஜில், மர வேர்களில் பைக் துள்ளாதபடி ஸ்பிரிங்கை இளக்கினோம். பெரிய பெற்றோல் தாங்கி பூட்டினோம்.

"சைலன்சரையும் மாத்து தம்பி. காட்டுக்கை இந்தச் சத்தம் வேண்டாம்."

"சத்தம் இல்லாட்டி ஆர் அண்ணை திரும்பிப் பாப்பினம்?"

புறப்படும்போது கண்ணூறு கழிய, பைக்கின் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்தேன். அதுவே போதுமான பாதுகாப்பு என்று நினைத்தேன்.

நாங்கள் இருவரும் போனது பைக் ஓட்ட அனுமதியுள்ள ஒரு காடு. பாதை ஒரு மேட்டைச் சுற்றிச் சுற்றி ஏறியது. அண்ணை தன் பைக்கில் பின்னால் வருகிறார் என்ற நினைப்பில் முறுக்கிக்கொண்டு போனேன். உச்சியில் வெகுநேரம் வட்டமடித்து விளையாடினேன். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் கீழேயிருந்து "தம்பீ" என்ற குரல் கேட்டது.

இறங்கி ஓடினேன். பைக்குக்கு அடியில் கால் சிக்கிக் கிடந்தார்.

"கனநேரமா கூப்பிட்டனீங்களோ அண்ணை?"

"இல்லையடா, இப்பதான் விழுந்தனான்."

அவர் கையுறையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில்தான் அதையும் சொன்னார்.

மறுநாளே சைலன்சரை மாற்றினேன். அவர் முகத்தை நேரே பார்க்கத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.